ஓர வீட்டின் முறை

நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையின் கதவு தானாகத் திறக்கிற வகை. ஆள் வந்து நின்றால் போதும், இரண்டு பக்கமும் விலகி வழி விடும். அன்று மதியம் அது திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. யாரும் உள்ளே வரவில்லை. ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்க்காமலே "வாம்மா" என்றேன். அதன் பிறகுதான் அம்மா உள்ளே வந்தாள்.

"கதவே வழி விடுதே, அப்புறம் என்ன யோசனை?" என்றார் சட்டம் மாட்டியிருந்தவர்.

"கதவு வழி விடும். வான்னு சொல்லுமா?" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வேலைக்குப் போகும் நீலச் சேலையில், தோளில் பையோடு, கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே நின்று, வானிலை சொல்வது போலச் சொன்னாள்:

"கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

எங்கள் தீவு இரண்டு நாடுகளின் வரைபடத்திலும் இருக்கிறது, இரண்டிலும் வேறு வேறு பெயரில். அங்கே வாழ்ந்தவர்கள் அந்த இரண்டு பெயர்களையும் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது கரை. மற்றதெல்லாம் வெளியே. அம்மா சடை பின்னிக்கொண்டிருந்த வயதில், இந்த நாட்டின் படகுகள் வந்து, கண்காணிப்புக் கோபுரம் கட்ட இடம் வேண்டும் என்று அத்தனை வீட்டையும் காலி செய்து இந்தத் துறைமுக நகரத்தில் கொண்டுவந்து இறக்கின. கோபுரம் கட்டினார்கள், பிறகு அதையும் கைவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்து நாடு தீவு தன்னுடையது என்று எங்கோ தூர தேசத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறது. அங்கே யாரும் ஊர் கட்டி வாழ்ந்ததே கிடையாது என்பது அவர்கள் வாதம். அதனால் இந்த நாட்டுக்கு எங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நான் பிறந்தது வெளியேதான். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில். கரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். சின்ன வயதிலிருந்தே மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள் நான். பனி பெய்யும் ஊர்களையும் ஆறு உறைந்துபோகும் ஊர்களையும் மூடிய கண்ணுக்குள் தெருத் தெருவாக நடந்து பார்த்திருக்கிறேன். கரையும் எனக்கு அப்படித்தான் இருந்தது, வேறு யாரோ எழுதி வேறு யாரோ மொழிபெயர்த்த ஊர் மாதிரி. ஆனால் அந்த ஊரின் ஒரு சட்டம் மட்டும் எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. கூப்பிடாமல் கால் வைக்கக் கூடாது.

கரையில் எந்தப் படகு வந்தாலும், அதிலிருப்பவர்கள் உடனே இறங்க மாட்டார்களாம். ஈர மணலில் ஒருவர் நின்று, வந்திருக்கும் வீட்டைச் சொல்லி "வா" என்று கூப்பிட வேண்டும். வாங்க, வாடா, வாம்மா எதுவும் இல்லை. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே "வா". காலையில் மீன் பிடிக்கப் போய் மாலையில் திரும்பும் சொந்தத் தகப்பனையும் அப்படிக் கூப்பிட்டால்தான் அவர் இறங்குவார். கூப்பிடுகிற வேலை ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வீட்டுடையது. அதற்கு முறை என்று பெயர். பருவம் முடிந்ததும் முறைக்காரர் அடுத்த வீட்டுக்காரரை ஈர மணலுக்கு அழைத்துப் போய், கையைப் பிடித்து "இனி உன் குரல்" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

படகுகள் வந்த அன்று முறை எங்கள் வீட்டுடையது. ஓர வீடு. தாத்தா காய்ச்சலில் படுத்திருந்ததால் அம்மாதான் மணலில் நின்றிருக்கிறாள். சீருடைக்காரர்கள் நிறைந்த படகு மணலில் முட்டியது. அம்மா கூப்பிடவில்லை. அவர்கள் அதைக் கவனிக்கவும் இல்லை, இறங்கி நடந்தார்கள்.

"கூப்பிடாம எறங்கினவன் வந்ததா கணக்கே இல்ல," என்பாள் அம்மா. "அவனுங்க இன்னும் வரவே இல்ல. நம்மதான் கெளம்பி வந்துட்டோம்."

இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய அன்று வீட்டு வசதி அதிகாரி ஆளுக்கொரு சாவியைக் கொடுத்து "போங்க, போங்க" என்று சொல்லியிருக்கிறார். போங்க என்றால் எப்படிப் போவது. அத்தனை குடும்பமும் மூட்டை முடிச்சோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தது. கையில் சாவி, எதிரே பூட்டிய கதவு. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த ஒரு பெண், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்று பார்த்துவிட்டு, "இங்க ஏன் உக்காந்திருக்கீங்க, உள்ள வாங்களேன்" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்கள். அந்த அக்கா இருந்தவரை அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் பழுதானால் எங்கள் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

முறையை அம்மா யாருக்கும் ஒப்படைக்கவில்லை. ஈர மணல் இல்லாமல் ஒப்படைக்க முடியாது. அடுத்த முறை கிணத்தடி வீட்டுடையது. அந்த வீட்டில் மிஞ்சியவர் கத்திரி மாமா. குடியிருப்பின் கீழே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "எக்கா, என் முறையை அமுக்கி வச்சுக்கிட்டு எத்தனை வருசம்தான் ஓட்டுவ?" என்பார். "உன் குரலுக்கு எவன் எறங்குவான்? படகைத் திருப்பிக்கிட்டுப் போயிருவான்," என்பாள் அம்மா.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய அரசு அலுவலகத்தில், லிஃப்ட் இயக்குபவளாக. பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆனாலும் அந்தப் பழைய கட்டடத்தில் அந்த வேலை இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்ததும், நிற்பவர்களைப் பார்த்து "வாங்க" என்பாள். வெளியே என்பதால் வாங்க. நான் ஒருமுறை அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். கோட்டு போட்ட பெரிய பெரிய ஆட்கள் கதவு திறந்தும் ஏறாமல் அரை நொடி நின்றார்கள். அம்மா "வாங்க" என்றாள், ஏறினார்கள். அவர்களுக்கே தெரியாமல் அவர்களைப் பழக்கி வைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கூட்டம் நடந்தது. வந்திருந்த அதிகாரி இளைஞர். மெல்லிய ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"லிஃப்ட் அம்மா. நான் எட்டாவது மாடி, தினமும் வருவேனே."

"தெரியும். குடையை லிஃப்ட்லயே விட்டுட்டுப் போவீங்க," என்றாள் அம்மா.

அவர் விஷயத்தைச் சொன்னார். கப்பல் ஏற்பாடாகியிருக்கிறது. முன்னாள் குடிமக்கள் ஒரு பகல் தீவில் இருக்கலாம். அரசு அவர்களை விருந்தினராக வரவேற்று உபசரிக்கும். படம் எடுப்பார்கள், நீதிமன்றத்துக்குக் காட்டுவதற்கு. இது நல்லபடியாக நடந்தால் வருடா வருடம் போய்வர அனுமதி கேட்கலாம்.

"விருந்தினரா?" என்றார் கத்திரி மாமா. "அப்ப வீட்டுக்காரங்க யாரு சார்?"

அதிகாரி சிரித்துச் சமாளித்தார். கூட்டம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"போவோம்," என்றாள். "என் முறையை முடிக்கணும்."

கப்பலில் போகும்போது அம்மா மேல்தளத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்காகத் தேய்த்துக் கொடுத்திருந்த புதுக் கண்ணாடி வெயிலில் மின்னியது. தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கென்றே செய்தது. அதிகாரி எங்களிடம் வந்து நின்றார். பேச்சோடு பேச்சாக நான் அவரிடம் கூப்பிடும் முறையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கதை கேட்பது போலக் கேட்டார்.

"அவசரப்படுறவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த கத்திரி மாமா பதில் சொன்னார். "அதுக்கும் ஒரு வழி இருக்கு சார். படகுல இருந்து தவறி விழுந்தவனைக் கூப்பிட வேண்டியதில்ல. கடல் கொண்டுவந்து விட்டா கடலே கூப்பிட்டதா அர்த்தம். யாரும் தொட்டுத் தூக்கக் கூடாது, அவனா எழுந்து கரையேறணும். சின்னப் பையனா இருக்கையில நான் பசி தாங்காம அடிக்கடி தவறி விழுவேன். எங்கப்பா காதைத் திருகுவாரு."

"நல்ல சட்டம்," என்றார் அதிகாரி. பிறகு ஏதோ தோன்றியவர் போல அம்மாவிடம், "ஆனா நீங்கதான் என்னைத் தினமும் வாங்கன்னு கூப்பிடுறீங்களேம்மா," என்றார்.

"அது லிஃப்ட்," என்றாள் அம்மா.

கரை முதலில் ஒரு நிழலாகத் தெரிந்தது. பிறகு பச்சை. பிறகு துருப்பிடித்த கோபுரம். நான் எத்தனையோ நாவல்களில் இப்படிப்பட்ட காட்சியைப் படித்திருக்கிறேன், ஊர் திரும்புகிறவர்கள் அழுவார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அழவில்லை. "கோபுரத்தைக் கொண்டுபோய் உச்சி வீட்டு வாசல்ல கட்டியிருக்கான் பாரு," என்று ஒருவர் சொல்ல, "அந்த வீட்டுக்காரனுக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி, நல்லவேளை நம்மளோட வெளிய வந்துட்டான், இல்லன்னா ராத்திரி ராத்திரி மேல ஏறியிருப்பான்," என்று இன்னொருவர் சொல்ல, சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் தலை வாரிக்கொண்டார்கள். சீப்பு ஒன்று கைமாறிக் கைமாறிப் போனது.

படகுத்துறை இடிந்து போயிருந்ததால் கப்பல் தள்ளியே நின்றது. முதல் படகில் அதிகாரிகளும் படம் பிடிப்பவர்களும் போனார்கள். நாங்கள் இரண்டு படகுகளில் பின்னால் போவதற்குள் மணலில் இரண்டு கம்பம் நட்டு, மேலே வருக வருக என்று எழுதிய துணியைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கொடி. துணிக்குக் கீழே இளம் அதிகாரி கைகூப்பி நின்றார். எங்கள் படகின் மூக்கு மணலில் முட்டி நின்றது. மற்றதும் பக்கத்தில் வந்து நின்றது.

யாரும் எழவில்லை.

"வாங்க, வாங்க," என்றார் அதிகாரி.

மடியில் பைகளை வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்தில் தங்கள் நிறுத்தம் இன்னும் வராதவர்கள் போல. படம் பிடிப்பவர் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். படகோட்டி, "எறங்குங்க, காத்து மாறுறதுக்குள்ள நான் படகைக் கப்பல்ல சேர்க்கணும். அலை கூடிருச்சுன்னா இங்க நிக்க முடியாது," என்றான்.

அதிகாரி இரண்டடி முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். கப்பலில் நான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, வெட்கத்தோடு, மரியாதை எல்லாம் விட்டு, "வா" என்றார்.

கத்திரி மாமா மெதுவாகச் சொன்னார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே இன்னும் வரலையே."

அதிகாரி கீழே தன் கால்களைப் பார்த்தார். பளபளப்பான காலணிகள் மணலில் புதைந்திருந்தன. பின்னாலிருந்து வயதான மேலதிகாரி ஒருவர் எரிச்சலோடு கத்தினார், இறங்காவிட்டால் படகைத் திருப்பச் சொல்லுங்கள், அடுத்த அனுமதி எல்லாம் அப்புறம் யோசிக்கலாம் என்று. படகோட்டி துடுப்பை எடுத்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து, கையெட்டும் தூரத்தில் மணல். இறங்கினால் விருந்தாளி, இறங்காவிட்டால் ஒன்றுமில்லை. இறங்கிவிடேன் அம்மா, யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் முகத்தில் குழப்பமே இல்லை. லிஃப்டில் எந்த மாடி என்று கேட்டுவிட்டு நிற்கும்போது இருக்கும் முகம்.

கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பையைக் கொடுத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். எழுந்து, மணல் பக்கம் போகாமல், படகின் கடல் பக்கத்து விளிம்புக்குப் போய் நின்றாள்.

"அக்கா, அங்க வழுக்கும்," என்றார் கத்திரி மாமா. அவர் குரலில் சிரிப்பும் பயமும் சேர்ந்திருந்தன.

"ஆமா, வழுக்குது," என்றாள் அம்மா. விழுந்தாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது. நான் நினைத்ததைவிட அங்கே ஆழம் அதிகம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படகோட்டி குதிக்க எழுந்தான். கத்திரி மாமா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதே. யாரும் தொடக் கூடாது."

"முங்கிட்டாங்க யா."

"முங்கட்டும். எழுவா."

அம்மா கடலில் இறங்கி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இந்த நகரத்தில் கடற்கரைக்குப் போனாலும் கால் நனைக்க மாட்டாள். நான் அவளுடைய கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கருப்புத் தலை ஒன்று படகின் மூக்கைத் தாண்டி வெளியே வந்தது. ஒரு அலை அவளைத் தள்ளி முட்டி போட வைத்தது. எழுந்தாள். அடுத்த அலை சேலையைப் பின்னால் இழுத்தது. அதற்கும் எழுந்தாள். இருமிக்கொண்டே, முகத்தை வழித்துக்கொண்டே, வருக வருக துணிக்கு ஒரு பக்கமாக, ஈர மணலில் ஏறி நின்றாள்.

"வழுக்கிருச்சு," என்று கத்திரி மாமா இரண்டு படகுக்கும் கேட்கும்படி சொன்னார். "எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம், பாத்தோம்," என்று இரண்டு படகிலிருந்தும் பதில் வந்தது.

அம்மா மூச்சு வாங்கினாள். அதிகாரிகள் அவளுக்குத் துண்டு எடுத்து வர ஓடினார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்து நின்று, கண்ணாடி இல்லாததால் கண்ணை இடுக்கிக்கொண்டு, எந்தப் படகில் யார் என்று ஒரு முறை பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"உச்சி வீடே, வா."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. லிஃப்டில் கேட்ட குரல் இல்லை, என்னைத் திட்டும் குரலும் இல்லை. அலைச் சத்தத்துக்கு மேலே போவதற்கென்றே செய்த குரல். உச்சி வீட்டின் கிழவர் பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படகின் மூக்கைத் தாண்டி மணலில் கால் வைத்தார். அவர் கூடவே பேரன் பேத்திகள். "வலை வீடே, வா." "ரெட்டை வாசல் வீடே, வா." ஒவ்வொரு வீடாக எழுந்து இறங்கியது. இறங்கியவர்கள் ஓடவில்லை, மண்ணை எடுத்து முத்தமிடவில்லை. கடைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவர்கள் போல நடந்து போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றார்கள். "கிணத்தடி வீடே, வா" என்றபோது மட்டும் கத்திரி மாமா, "இப்பவாவது கூப்பிட்டியே," என்று முனகிக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

படகில் நான் மட்டும் இருந்தேன்.

நான் பிறந்தது மூன்றாவது மாடியில். இந்த மணலில் எனக்கென்று ஒரு காலடி கூடக் கிடையாது. மகளை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று யோசித்தேன். பெயரையா, கடையில் நான் சொல்வது போல வாம்மா என்றா. அம்மா என்னை நேராகப் பார்த்தாள். எல்லாரையும் கூப்பிட்ட அதே குரல், ஒரு இம்மி குறையவுமில்லை, கூடவுமில்லை.

"ஓர வீடே, வா."

அப்போதுதான் உறைத்தது, படகில் மிஞ்சியிருக்கும் ஓர வீடு நான்தான். தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். அப்படி நிமிர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண்ணாடியைக் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கி, ஈர முந்தானையிலேயே துடைத்து, துடைத்ததில் இன்னும் மங்கலாக்கி, போட்டுக்கொண்டாள்.

கத்திரி மாமா அவள் முன்னால் வந்து கையை நீட்டினார். "எக்கா, முறையைக் கொடு. வேற யாரும் பாக்கி இல்ல."

அம்மா கையைக் கொடுக்கவில்லை. அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பினேன். வரவேற்புத் துணியின் கீழே மேலதிகாரி கைபேசியை உயர்த்திப் பிடித்து அலைவரிசை தேடிக்கொண்டிருந்தார். படம் பிடிப்பவர் கொடியையும் எங்களையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரப் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார். இளம் அதிகாரியை அங்கே காணவில்லை. அவர் காலணிகள் மட்டும் மணலில் ஜோடியாக இருந்தன, உள்ளே சுருட்டி வைத்த காலுறைகளோடு. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு அவர் தண்ணீருக்குள் நடந்து போயிருந்தார். காலியான படகுக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, கரையைப் பார்த்தார். ஒரு அலை வந்து மடித்ததையும் நனைத்தது. அவர் நகரவில்லை. எட்டாவது மாடியில் கதவு திறந்ததும் அரை நொடி நிற்பாரே, அப்படி.

"கொடுக்கா," என்றார் கத்திரி மாமா.

"இரு," என்றாள் அம்மா. "இன்னும் ஒருத்தர் தண்ணியில நிக்கிறாரு."